மதகடியில் ஒரு நீலக் கார்

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் மெல்ரோயைத் தெரியாதவர்கள் குறைவு. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். கோதுமையும் சீமெந்தும் ஏற்றி வரும் பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்தும், படகின் மூக்கால் முட்டித் தள்ளியும் இறங்குதுறையில் அணைத்து விடுவது அவருடைய வேலை. இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறார். அவசரம் என்ற சொல்லுக்கு அந்த வேலையில் இடமே இல்லை. ஒரு கப்பலைத் திருப்பிக் கரையோடு சேர்க்க இரண்டு மணித்தியாலம் போகும். கடைசி நூறு மீற்றரில் கப்பல் நகருகிறதா, நிற்கிறதா என்று கரையில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். கொஞ்சம் வேகம் கூடினால் கப்பலும் போச்சு, இறங்குதுறையும் போச்சு, மெல்ரோயின் உத்தியோகமும் போச்சு.

கடலில் படிந்த அந்தப் பழக்கம் கரையிலும் அவரை விடவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, துவிச்சக்கர வண்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் "குட் மோர்னிங் அங்கிள்" சொல்லிவிட்டு முந்திப் போவார்கள். ஞாயிறு பூசைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட்டாலும் பிரசங்கம் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேருவார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஐம்பத்து மூன்று வயதில் சீறிப் பாயும் கார் ஒன்றின் மேல் ஆசை வந்தது.

வாகன இறக்குமதிக்கு இருந்த தடை நீங்கிப் புதுக் கார்கள் நாட்டுக்குள் வரத் தொடங்கிய வருடம் அது. ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் இடையில், படகின் சிறிய அறைக்குள் குந்தியிருந்து, மெல்ரோய் கைத்தொலைபேசியில் கார்களைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் சும்மாதான் பார்த்தார். பிறகு எந்தக் கார் எத்தனை செக்கனில் நூறைத் தொடும் என்பது அவருக்கு மனப்பாடமாயிற்று. படகில் வேலை செய்கிறவர்கள் கேட்காமலே அதைச் சொல்லவும் தொடங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மனைவி றஜிதா, மகள் கிறிஸ்டின், றஜிதாவின் தம்பி சுகிர்தன் ஆகிய மூவரும் இருந்தார்கள். சுகிர்தனின் வீடு ஒரு சந்து தள்ளி, அடுத்த ஒழுங்கையில். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. நல்ல உயரமும் அதற்கேற்ற அகலமும் உள்ள ஆள்.

"ஒரு கார் எடுக்கப் போறன்," என்றார் மெல்ரோய். "புதுசு."

சுகிர்தன் கோழிக் காலைக் கீழே வைத்தான். "கார் என்னத்துக்கு அத்தான்? வான் ஒண்டை எடுங்கோ. பதினாலு பேர் போகலாம். மடு மாதா கோயிலுக்குப் போகலாம், கலியாண வீடுகளுக்குப் போகலாம்."

"எங்கட வீட்டில மூண்டு பேர்தானே இருக்கிறம்."

"நாங்கள் இருக்கிறம்தானே!" என்றான் சுகிர்தன், மனம் நொந்தவனாக.

"வான் இல்லை. செடான்," மெல்ரோய் விடவில்லை. "நாலு கதவு, பெரிய டிக்கி, குடும்பக் கார்தான். ஆனா ஸ்போர்ட் கார் மாதிரி. பதிஞ்சு, நீட்டா இருக்கும். ஒரு பட்டனை அமத்தினா சீறும்."

பதினேழு வயதுக் கிறிஸ்டினுக்குக் கண்கள் விரிந்தன. "என்ன நிறம் அப்பா?"

றஜிதா இவ்வளவு நேரமும் பேசவில்லை. அவர் ஆங்கில ஆசிரியை. பேசினால் ஒரே கேள்விதான் கேட்பார். அது சரியான இடத்தில் போய்க் குத்தும்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கார் ஓட லைசன் இருக்கோ?"

இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான் இருந்தது. இருபத்தெட்டு வருடம் படகு ஓட்டியவர், அதை நினைக்கவேயில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்த வீட்டில் கார் லைசன் வைத்திருந்தது றஜிதாதான். கலியாணத்துக்கு முன்பு, சுனாமிக்குப் பிந்திய வருடங்களில், ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை செய்தபோது எடுத்தது. சாரதி வராத நாட்களில் வெள்ளை நிறப் பெரிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு மூதூருக்கும் கட்டைபறிச்சானுக்கும் போய் வந்தவர் என்று மெல்ரோய் கேள்விப்பட்டிருந்தார். கேள்விப்பட்டதுதான், பார்த்ததில்லை. கலியாணத்துக்குப் பிறகு வீட்டில் ஓடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. லைசன் அலுமாரிக்குள் கிடந்தது. புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் மட்டும் றஜிதா போய்ப் புதுப்பித்து வருவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்றால், பாதி மெல்ரோயின் சேமிப்பு, மீதி கட்டைபறிச்சானில் றஜிதாவின் பங்காக இருந்த வயல். வயலை விற்கலாம் என்று அவரே சொன்னார். "ஆனா நீங்கள் முதல்ல ஓடப் பழகுங்கோ," என்றார்.

மெல்ரோய் பழகப் போனார். அபூதாஹிர் என்ற கிண்ணியாக்காரர்தான் பழக்கினார். பொறுமைக்குப் பேர் போன மனிதர். அவருடைய பொறுமைக்கு மெல்ரோய் ஒரு சோதனையாக வாய்த்தார்.

"ஐயா, ஸ்டேரிங்கத் திருப்பினா கார் உடனே திரும்பும். நீங்க திருப்பிப்போட்டு என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"திரும்புதோ எண்டு பாக்கிறன்."

படகில் சுக்கானைத் திருப்பினால், அது யோசித்து முடித்துத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பிறேக் என்ற ஒன்றும் அங்கே இல்லை. ஆகவே மெல்ரோய் எந்தச் சந்திக்கும் எண்பது மீற்றர் முன்னாலேயே காலை எடுத்துவிடுவார். கார் தானாகக் களைத்துப்போய், சந்திக்குப் பத்து மீற்றர் இருக்கும்போதே நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். ஒரு நாள் கோட்டைப் பக்கம் மான் ஒன்று வீதியோரப் புல்லில் மேய்ந்துகொண்டு நின்றது. மெல்ரோய் காரை நிறுத்திவிட்டார்.

"மான் ரோட்டுக்கே வரல்லயே ஐயா," என்றார் அபூதாஹிர்.

"வந்தா?"

இருவரும் மானைப் பார்த்தார்கள். மான் இவர்களைப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மானுக்கே அலுத்துப்போய், அது வேறு பக்கம் போனது.

முதல் சோதனையில் மெல்ரோய் தவறினார். இரண்டாம் முறை தேறினார். அன்றைக்கு அபூதாஹிர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து வாழ்த்தினார். விடுதலையான சந்தோஷமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

லைசன் கிடைத்த அடுத்த சனிக்கிழமை, விடிய முதல் பஸ்ஸில் குருநாகலுக்குப் புறப்பட்டார்கள். அங்கே புதுக் கார்கள் விற்கும் இடமொன்றைக் கிறிஸ்டின் தேடிப் பிடித்திருந்தாள். கூப்பிடாமலே சுகிர்தனும் வந்தான். கையில் ஒரு பை நிறைய ரோல்ஸ். "தூரப் பயணம்," என்றான்.

கார்க் கடையில் கழுத்துப் பட்டி கட்டிய அர்ஷாக் என்ற இளைஞர் ஓடி வந்தார். இவர்களின் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "திருகோணமலையா? நான் கிண்ணியா சேர்! குந்துங்க, குந்துங்க." அபூதாஹிர் அவருக்குத் தூரத்து மாமா என்று தெரியவந்தது. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் கார் பற்றி யாரும் பேசவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எங்கே கலியாணம் என்ற கதைதான் ஓடியது.

மெல்ரோய் மட்டும் அந்தக் கதையில் இல்லை. கடையின் மூலையில் நின்ற நீலக் காரை அவர் கண்டுவிட்டார்.

கடும் நீலம். நீண்டு, பதிந்து, நிற்கும்போதே ஓடுவது போல ஒரு சாய்வு. அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். முன் விளக்கைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தபோது கதிரை அவரை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தது. அந்த முகத்தைப் பார்த்த அர்ஷாக், வேறு எந்தக் காரையும் காட்டத் தேவையில்லை என்று விளங்கிக்கொண்டார்.

சுகிர்தன் பின் கதவால் ஏறிப் பார்த்தான். தலை கூரையில் முட்டியது. "கழுத்தை மடிச்சுக்கொண்டு எப்பிடி அத்தான் மடுவுக்குப் போறது?"

றஜிதா கைப்பையைத் திறந்து, தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு அர்ஷாக்கிடம் திரும்பினார்.

"தம்பி, நிலத்துக்கும் காரின்ட வயித்துக்கும் இடையில எவ்வளவு?"

"பதின்மூண்டரை சென்ரிமீற்றர் டீச்சர்."

"எங்கட ஒழுங்கை வாசல்ல ஒரு மதகு இருக்கு," என்றார் றஜிதா. "ஆமை முதுகு மாதிரி." சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

மெல்ரோய் அந்த மதகை மறந்தே போயிருந்தார். வடிகானுக்கு மேல் சீமெந்துப் பலகை போட்டு உயர்த்திக் கட்டியது. அதில் மோட்டார் சைக்கிளே ஒரு துள்ளுத் துள்ளித்தான் ஏறும். பூசைக்கு உடுக்கும் வெள்ளைச் சேட்டோடு தரையில் படுத்து, நாடாவின் மறு நுனியைப் பிடித்தார். பதின்மூன்றரைதான். இரண்டாம் தரம் அளந்தாலும் அது வளரவில்லை.

"ஒருக்கா ஓடிப் பாருங்களன் சேர்," என்றார் அர்ஷாக், சூழ்நிலையை மாற்ற.

மெல்ரோய் ஓடினார். பக்கத்தில் றஜிதா, பின்னால் அர்ஷாக்கும் கிறிஸ்டினும். சுகிர்தன் கழுத்து நோவதாகச் சொல்லி ரோல்ஸோடு கடையிலேயே இருந்துவிட்டான். வீதி அகலமாக, வெறுமையாகக் கிடந்தது. மெல்ரோய் மிக அழகாக, மிகக் கவனமாக, முப்பத்தைந்தில் போனார். ஓர் ஓட்டோ முந்தியது. வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று முந்தியது. அதில் இருந்தவர் திரும்பி, புதுக் காருக்கு என்ன வருத்தமோ என்பது போலப் பார்த்தார்.

"சேர், அந்தப் பட்டன அமத்துங்க," என்று அர்ஷாக் மெதுவாகச் சொன்னார். "ஸ்போர்ட் மோட்."

மெல்ரோய் அமத்தினார். எஞ்சின் தொண்டையைச் செருமியது. வேகமானி விளக்குகள் சிவந்தன. மெல்ரோய் பயந்துபோய்க் காலை எடுத்தார். கார் களைத்துப்போய் ஓரமாக நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாக வலித்தது.

"தள்ளுங்கோ," என்றார் றஜிதா. "நான் ஒருக்காப் பாக்கிறன்."

இடம் மாறினார்கள். றஜிதா கதிரையை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடிகளைச் சரி பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பட்டனை அவர் தேடவில்லை. அது எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார் போலும்.

அதற்குப் பிறகு நடந்ததை மெல்ரோயால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. முதுகு கதிரையில் ஒட்டிக்கொண்டது. வலது கை தன்பாட்டில் கதிரை விளிம்பையும் இடது கை கதவுப் பிடியையும் பற்றிக்கொண்டன. உழவு இயந்திரம் வந்தது, போனது. ஓட்டோ வந்தது, போனது. வளைவு ஒன்றில் றஜிதா அளவாகப் பிறேக் பிடித்து, அளவாக விட்டு, வெண்ணெயில் கத்தி போவது போலப் போனார். பின்னால் கிறிஸ்டின் "அம்மா!" என்று கத்தினாள். பயந்து கத்தியதல்ல. அர்ஷாக்கின் சத்தமே இல்லை. அவர் என்ன ஓதிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கும் அல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மெல்ரோய் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கொப்பி திருத்தும் முகம் அல்ல, குசினியில் பார்க்கும் முகமும் அல்ல. உதட்டின் ஒரு பக்கத்தைக் கடித்துக்கொண்டு, கண்கள் மின்ன, வேறு யாரோ ஒருத்தி அங்கே அமர்ந்திருந்தாள். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பெண்ணை நான் சந்திக்கவில்லையே என்று நினைத்தார்.

கடை வாசலில் கார் நின்றது.

"மதகுக்கு ஏலாதுதான்," என்று மெல்ரோய் மெல்லத் தொடங்கினார். "நீர் சொன்னது சரி. வேற ஏதும் பாப்பம்..."

றஜிதா ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மதகை நீங்கள் பாருங்கோ," என்றார். "காரை நான் பாக்கிறன்."

கார் வர மூன்று வாரம் என்றார்கள். அந்த மூன்று வாரமும் மெல்ரோய் மதகைப் பார்த்தார். மாலையில் வேலை முடிந்து வந்ததும் கயிறு, தடி, தச்சர்கள் வைக்கும் மட்டக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை வாசலுக்குப் போய்விடுவார். ஒவ்வோர் அடிக்கும் உயரம் எடுத்து, துறைமுகத்துக் கடல் வரைபடம் போலவே ஒன்றை வரைந்தார். அரசாங்கம் ஏதோ வேலை தொடங்கிவிட்டது என்று ஒழுங்கை நம்பியது. மூலை வீட்டுக்காரர் தெரு விளக்கு கேட்டு எழுதிய மனு ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். மெல்ரோய் எவ்வளவு சொல்லியும் அவர் அதைத் திருப்பி வாங்கவில்லை.

கடைசியில் வழி கிடைத்தது. நேரே ஏறினால் வயிறு தட்டும். ஆனால் வீதியோரத்து முடிவெட்டும் சலூன் பக்கமிருந்து சரிவாக வந்து, இடது முன் சில்லை முதலில் ஏற்றி, பிறகு வலதை ஏற்றினால், இரண்டு சென்ரிமீற்றர் மிஞ்சும். மதகின் மேல் வெள்ளைப் பெயின்ற்றால் இரண்டு கோடு கீறினார்.

கார் வந்த நாள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லாரும் மதகடியில் நின்றார்கள். அர்ஷாக் தானே காரைக் கொண்டுவந்திருந்தார். மதகைக் கண்டதும் இறங்கி, திறப்பை றஜிதாவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மெல்ரோய் முன்னால் நின்று, கப்பலுக்குக் காட்டுவது போல இரண்டு கைகளாலும் சைகை காட்டினார். இடது... இன்னும் இடது... மெல்ல... வா, வா, வா... நீலக் கார் பூனை மதில் ஏறுவது போலச் சாய்ந்து ஏறி, சாய்ந்து இறங்கியது. தட்டவில்லை. ஒழுங்கை கை தட்டியது. மூலை வீட்டுக்காரர் மனுவைப் பற்றி மறுபடி விசாரித்தார்.

அடுத்த ஞாயிறு, காரை ஆசீர்வதிக்கக் கோயிலுக்குக் கொண்டுவரும்படி பங்குச் சுவாமியார் சொல்லியிருந்தார். நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு குடும்பமாக ஏறினார்கள். றஜிதா ஓட, பக்கத்தில் மெல்ரோய், பின்னால் கிறிஸ்டினும், சுகிர்தனும், சுகிர்தனின் மனைவியும். றஜிதா வெள்ளைக் கோட்டில் இம்மியும் பிசகாமல் ஏறினார்.

கர்ர்ர்ர்ர்.

அந்தச் சத்தம் காருக்கு அடியிலிருந்து வந்ததா, மெல்ரோயின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்ததா என்று சொல்வது கடினம். கார் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோடு சரி. கோணம் சரி. எங்கே பிழைத்தது? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எந்தக் கப்பலைக் கண்டாலும் முதலில் அவர் பார்ப்பது, அது எவ்வளவு பாரம் ஏற்றி, எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்பதைத்தான். வெறுங் கப்பலுக்குப் போட்ட கணக்கு பாரக் கப்பலுக்குச் சரிவராது என்று படகில் புதிதாகச் சேருகிறவனுக்குக் கூட அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"என்னைப் பாக்காதேங்கோ அத்தான்," என்றான் சுகிர்தன்.

"இறங்கும்."

"நான் மட்டுமோ?"

"எல்லாரும்தான். நீர் முதல்ல."

சுகிர்தன் இறங்கினான். கார் ஒரு பெருமூச்சோடு எழும்பியதை ஒழுங்கையே பார்த்தது. கிறிஸ்டின் சிரிப்பை அடக்க வேதப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். நால்வரும் பட்டுச் சேலையும் சப்பாத்துமாக மதகை நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறினார்கள். அடியில் ஒரு பிளாஸ்ரிக் தட்டில் கீறல், அவ்வளவுதான். அன்று முதல் அந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. மதகு வந்தால் சாரதியைத் தவிர எல்லாரும் இறங்க வேண்டும். மழை நாளில் குடையோடு இறங்க வேண்டும். சுகிர்தன் இப்போது மதகுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுதான் தன்னை ஏற்றச் சொல்கிறான்.

காரை யார் ஓடுவது என்பது பற்றி வீட்டில் ஒருநாளும் கதை வரவில்லை. மெல்ரோய் கழுவுவார், துடைப்பார், சில்லுக்குக் காற்றுப் பார்ப்பார். திறப்பு றஜிதாவின் கைப்பையில் இருந்தது.

சனிக்கிழமைகளில் றஜிதா மீன் வாங்க இறக்கக்கண்டிக்குப் போகத் தொடங்கினார். அங்கே மீன் நல்லது என்றார். வழியில் மூன்று இடத்தில் அதே மீன் விற்கிறது என்பது மெல்ரோய்க்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை, "நானும் வாறன்," என்று ஏறிக்கொண்டார்.

சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் பாதை நேரானது. ஒரு பக்கம் பனை, மறுபக்கம் கடல் வெளிச்சம். றஜிதா பட்டனை அமத்தினார். மெல்ரோய் இப்போது கதவைப் பிடிப்பதில்லை. கையை மடியில் வைத்து, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை போல இருந்தார்.

நிலாவெளிக்குக் கிட்ட ஒரு வாகை மர நிழலிலிருந்து பொலிஸ்காரர் ஒருவர் வீதிக்கு வந்து கையைக் காட்டினார். றஜிதா நிறுத்தினார். ஆசிரியை ஆனதற்குப் பிறகு முதல் தடவையாகப் பிழை செய்த மாணவியின் முகம் அவருக்கு வந்தது.

"மிஸ், இங்க அம்பதுதானே," என்றார் பொலிஸ்காரர், தெரிந்த தமிழில், மரியாதையாக. "உங்களுக்கு அறுபத்தெட்டு வந்திருக்கு."

"சொறி சேர். கவனிக்கேல்லை," என்றார் றஜிதா, தலையைக் குனிந்துகொண்டு.

மெல்ரோய் அவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு சேர்? அறுபத்தெட்டோ?"

"ஓம், அறுபத்தெட்டு."

"நல்லாப் பாத்தனீங்களோ? கூட இருக்காதோ?"

பொலிஸ்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தண்டப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். கார் மெதுவாக, ஐம்பதுக்கும் கீழே, நல்ல பிள்ளை போல நகர்ந்தது. றஜிதா வீதியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெல்ரோய் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"கிறிஸ்டினுக்குச் சொல்ல வேண்டாம்," என்றார் றஜிதா.

"சீச்சீ."

"தம்பிக்கும் சொல்ல வேண்டாம்."

"நான் ஆருக்கும் சொல்லன்." பத்திரத்தை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. "அறுபத்தெட்டு!" என்றார்.

றஜிதா உதட்டைக் கடித்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. முதலில் அவர் சிரித்தார், பிறகு மெல்ரோய் சிரித்தார். சிரித்துச் சிரித்து ஓட ஏலாமல் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணீர் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். பிறகு அங்கேயே திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

கிறிஸ்டின் குசினியில் சட்டியைக் கழுவி, புளி கரைத்து, காத்துக்கொண்டு நின்றாள்.

"மீன் எங்க?" என்று கேட்டாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்டைக்கு முட்டைப் பொரியல் நல்லா இருந்தது, என்ன?" என்றார் மெல்ரோய்.